சும்மா நிற்கிறவர்

கிருசாந்தினியைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் அவளுடைய கால்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஓரிடத்தில் தரிக்காத கால்கள் அவை. ஞாயிறு பூசையில் சுவாமி பிரசங்கம் வைக்கும்போது பாதிச் சனம் கண்ணயர்ந்திருக்க, இவளுடைய கால் மட்டும் வாங்குக்குக் கீழே தையல் மெசினை மிதிப்பது போல மிதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கிற மாமியார் மார்கிறட் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளுவா. அந்தக் கால் நிற்கும். உடனே மற்றக் கால் தொடங்கும். பள்ளிக்கூட நாட்களில் ஓட்டப்போட்டி என்றால் அவள்தான். மற்றப் பெட்டைகள் இரண்டாம் இடத்துக்குத்தான் அடிபடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். காலையில் இருந்து பின்னேரம் வரை கதிரையில் இருந்துகொண்டு, வேறு யாரோ ஓடுவதைப் பார்க்கிற வேலை. சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமை சிரிக்கிற நாள் அல்ல. அன்று காலையில் அவளுடைய புருசன் ஸ்ரனிஸ்லஸ், வழமை போலப் புட்டும் சம்பலும் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, "இண்டைக்குப் பின்னேரம் யோசெப்பின்ர வள்ளத்தில கடலுக்குப் போறன். அம்மாவைப் பிள்ளைகளோட வந்து நிக்கச் சொல்லியிருக்கிறன்" என்றான். கத்தவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கடைக்குப் போய்ச் சீனி வாங்கிக்கொண்டு வாறன் என்பது போலச் சொன்னான். அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

ஸ்ரனிஸ்லஸ் கடலுக்குப் போகக் கூடாதவன். இரண்டு வருடத்துக்கு முன் வள்ளத்தைக் கரையேற்றும்போது ஓர் அலை அதைத் தூக்கி அவனுடைய இடுப்பில் அடித்தது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காய்க் கிடந்து எழும்பி வந்தான். "நீர் நடக்கிறதே பெரிய விசயம். இனி இந்த முதுகுக்கு ஒரு குலுக்கல் வந்தால் காலை இழுத்துப்போடும். வள்ளம் ஏறுறதை மறந்துவிடும்" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். ஐப்பசிக் கடலில் குலுக்கலுக்கு என்ன பஞ்சம்?

பிறகு ஏன் போகிறான் என்று கேட்பீர்கள். எல்லாம் கிருசாந்தினியின் வாயால் வந்தது. முதல் நாள் அவள் வேலையால் வந்தபோது முற்றத்துக் கொடியில் உடுப்பெல்லாம் தொப்பலாய் நனைந்து தொங்கியது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள், அடுத்த நாள் உடுத்துப் போக அவள் தோய்த்து வைத்த சீலை, ஒன்றும் தப்பவில்லை. ஸ்ரனிஸ்லஸும் நனைந்துபோய்க் குசினி வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். கொதி வந்தால் கிருசாந்தினிக்குக் கண் மண் தெரியாது.

"நாள் முழுக்க வீட்டில சும்மாதானே நிக்கிறியள்? மழை வந்தா உந்த உடுப்பை எடுத்து உள்ளுக்க போடக்கூடக் கை வராதோ?"

அவன் துவாயைக் கொடியில் போட்டான். அவளை ஒருக்கால் பார்த்தான். பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட உள்ளே போய்விட்டான். திருப்பி ஏசியிருந்தால் அந்தச் சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும். ஏசத் தெரியாத மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கரைச்சல் என்பது நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.

சும்மா என்ற சொல் அவளுடைய வாயில் அன்றைக்குப் புதிதாய் வந்ததல்ல. கலியாண வீட்டிலோ கோயிலிலோ யாராவது, "மனுசன் என்ன செய்யிறார்?" என்று கேட்டால், "சும்மா வீட்டில நிக்கிறார்" என்பாள். ஊரில் எல்லோரும் சொல்வதுதானே, அதில் என்ன? ஆனால் அவள் அதே சொல்லை ஒஃபிசுக்கும் கொண்டுபோயிருந்தாள். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நேரத்தோடு வீட்டுக்கு ஓடவும் முடியாமல் போனது.

ஒஃபிஸ் என்பது முல்லைத்தீவு நகரில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி. அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பெடியள் ஆடுகிற உதைபந்து வீடியோக்கள் அங்கே வரும். ஒவ்வொரு ஆட்டத்தையும் துண்டு துண்டாய்ப் பார்த்து, எந்தப் பெடியன் என்ன செய்தான் என்று பொத்தான் அமத்தி அனுப்ப வேண்டும். அங்குள்ள பயிற்சியாளர்கள் அதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். பெயர்தான் உதைபந்து. உதைப்பது அருமை. கையால் எறிவார்கள், கையால் பிடிப்பார்கள், மிச்ச நேரமெல்லாம் ஒருவரை ஒருவர் இடித்து விழுத்துவார்கள். பந்தும் உரிக்காத தேங்காய் மாதிரி நீட்டு.

"காலுக்கு ஒரு வேலையும் இல்லை, பேர் மட்டும் உதைபந்தோ?" என்று கிருசாந்தினி முதல் நாளே சண்டைக்குப் போனாள். பொறுப்பாய் இருக்கிற நிஷாந்தன், முள்ளியவளையில் இருந்து பஸ்ஸில் வந்து போகிற சாதுவான பெடியன், "அக்கா, பேர் வைச்சது நாங்கள் இல்லை" என்று கும்பிட்டான்.

அவளுக்குக் கொடுத்தது ரன்னிங் பாக் என்கிற ஆளை. ஓடுகிறவர். தன்னைப் போல ஓடப் பிறந்த ஒருவனைப் பார்க்கலாம் என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆனால் வந்து சேர்ந்த அணியைப் பார்த்தால், எந்நேரமும் எறிகிற கூட்டம். எறிகிறவன் பின்னுக்கு நிற்பான்; பந்து அவனுடைய கைக்கு வரும்; தூரத்தில் ஓடுகிற பெடியளுக்கு வீசுவான்; சனம் ஆர்ப்பரிக்கும். ஓடுகிறவன் எறிகிறவனுக்குப் பக்கத்திலேயே நிற்பான். பந்து அவனிடம் வருவதே அருமை. "பேர் ஓடுறவர், ஓட விடுறாங்கள் இல்லை. பாவம்" என்று கொஞ்ச நாள் பரிதாபப்பட்டாள். பிறகு எரிச்சல் வந்தது.

அவனுக்கென்று திரையில் நான்கு பொத்தான்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பந்தோடு ஓடினான், பந்தைப் பிடிக்கப் போனான், எறிகிறவனைக் காத்தான், பங்கில்லை. கெதியாய் வேலை ஓடட்டும் என்று பொத்தான்களில் தமிழ் எழுத நிஷாந்தன் விட்டபோது, கிருசாந்தினி முன்னுக்கு வந்து, "கடைசி ரெண்டும் ஒண்டுதானே? ரெண்டிலயும் பந்து தொடேல்லை, ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லி இரண்டையும் ஒன்றாக்கினாள். ஓட்டம், பிடி, சும்மா. மற்றப் பிள்ளைகளுக்கும் அது வசதியாய் இருந்தது. அன்றில் இருந்து அந்த மேல்மாடியில் இருந்து அமெரிக்காவுக்குச் சும்மா சும்மா என்று போய்க்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்து மறுமொழி வந்துவிட்டது. நிஷாந்தன் வியர்த்துக் கொட்ட வாசித்துத் தமிழில் சொன்னான்.

"அக்கா, எங்கட கணக்கின்படி அந்தப் பெடியன் பாதிக்கு மேல ஒண்டுமே செய்யேல்லையாம். அப்ப அவனை ஏன் இறக்கி விடுறம், நாங்கள் விசரரோ எண்டு பயிற்சியாளர் கேக்கிறாராம். இண்டைக்கு முழுக்கத் திருத்தி அனுப்பட்டாம். இல்லாட்டி இந்த வேலையை வேற இடத்துக்குக் குடுத்திடுவினமாம்."

"இண்டைக்கோ? தம்பி, நான் பின்னேரத்துக்கு முதல் வீட்டை போகவேணும்."

"சும்மா எண்ட பொத்தானை வைச்சது நீங்கள்தானே அக்கா?"

அவள் திரும்பவும் கதிரையில் இருந்தாள். கால் மேசைக்குக் கீழே அடித்த அடியில் பக்கத்து மேசைத் தேத்தண்ணிக் கோப்பை கிலுங்கியது. இடையில் ஸ்ரனிஸ்லஸுக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. யோசெப்புக்கு எடுத்தாள். அவனும் எடுக்கவில்லை, வலை ஏற்றுகிற அவசரத்தில் இருந்திருப்பான். எத்தனை மணிக்கு வள்ளம் இறக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும், கரையில் பிறந்தவள்தானே. மணிக்கூட்டைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாய் இருந்தாள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு வீடியோ வரும். ஒன்று பக்கத்தில் இருந்து எடுத்தது. பந்து போகிற பக்கமெல்லாம் அதுவும் போகும். மற்றது பின்னால் உயரத்தில் இருந்து எடுத்தது. நேரம் மிச்சமென்று அந்த இரண்டாவதை அங்கே ஒருவரும் திறப்பதில்லை. இப்போது வேறு வழியில்லாமல் கிருசாந்தினி அதைத் திறந்தாள். பந்தைப் பார்க்கக் கூடாது, பெடியனைத்தான் பார்க்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பந்து எறிகிறவனிடம் வந்தது. ஓடுகிறவன் ஓடவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான். வலப்பக்க ஓரத்தால் மாடு மாதிரி ஒருத்தன் எறிகிறவனை விழுத்தப் பாய்ந்து வந்தான். இவன் அவனில் பாதி இல்லை. இரண்டடி முன்னுக்குப் போய்த் தோளைக் கொடுத்தான். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். எறிகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்று, ஆறுதலாய்ப் பந்தைத் தூரத்துக்கு வீசினான். அங்கே சனம் எழும்பி நின்றது. இங்கே ஓடுகிறவன் தனியாய் எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு, நொண்டி நொண்டி அடுத்த எறிக்கு வந்து நின்றான்.

இந்தத் துண்டுக்குத்தான் அவள் சும்மா என்று போட்டிருந்தாள்.

அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இடித்தான். இன்னொன்றில் இடித்துவிட்டு ஓரத்துக்கு நழுவிப்போய், எறிகிறவனுக்கு வேறு வழி இல்லாவிட்டால் தனக்காவது எறியட்டும் என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றான். வேறொன்றில் ஒருத்தரும் அவனுடைய பக்கம் வரவில்லை. அப்போதும் வருகிறார்களோ என்று பார்த்துக்கொண்டே நின்றான். அந்த நிலையையும் அவள் சும்மா என்றுதான் எழுதியிருந்தாள். அட மாதாவே, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வேலை செய்தேன் என்று தன்மேலேயே கொதி வந்தது.

பொத்தானில் இருந்த சொல்லை அழித்துவிட்டு மறிப்பு என்று எழுதினாள். ஊரில் எல்லோரும் சொல்கிற சொல். மாட்டை மறிக்கிறது, தண்ணியை மறிக்கிறது. எழுதி முடித்த கையோடு அவளுக்கு வேறொன்று தோன்றியது. வேலைக்கு வந்த நாள் தொடங்கி, வேலை நேரத்தில் வீட்டுக் கரைச்சல் என்று அவளுடைய போன் ஒருநாளும் அடித்ததில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அடிக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்து, மாமியாரிடம் இருந்து, பக்கத்து வீட்டில் இருந்து அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியில் போய்க் கதைத்துவிட்டு வருவார்கள். சின்னவன் வின்சன் விழுந்து நாடி கிழிந்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டதே, அது அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். "வேலைக்குள்ள ஏன் உன்னைக் குழப்புவான் எண்டு" என்றான் ஸ்ரனிஸ்லஸ். அவளும் சரியென்று தேத்தண்ணி குடித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எழும்பிவிட்டாள். நிஷாந்தன் ஓடி வந்து வாசலை மறித்தான்.

"அக்கா, பாதிதானே முடிஞ்சது? நீங்கள் போனா எனக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"பின்னால எடுத்த வீடியோவைத் திறந்து பெடியனைப் பார். பந்தைப் பாராத. அவ்வளவுதான் வேலை. வழியை விடு தம்பி, என்ர மனுசன் சாகப்போறான்."

சைக்கிளை அவள் மிதித்த மிதியை அந்த றோட்டில் நின்றவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணியடிக்கவும் மறந்து, தலைகால் தெரியாமல் போனாள். கரைக்கு வரும்போது யோசெப்பின் வள்ளம் பாதி தண்ணீருக்குள் நின்றது. நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஸ்ரனிஸ்லஸ் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறி, வலைக்குப் பக்கத்தில் ஒரு கையை இடுப்பில் கொடுத்தபடி இருந்தான். கரையில் மார்கிறட் செபமாலையோடு நின்றா. கடல் நல்லாய் இல்லை.

"வந்திட்டாவோ மகாராணி, படம் பாத்து முடிச்சு?" என்று மார்கிறட் தொடங்கினா. "என்ர பிள்ளை பெட்டைக்குத் தலை பின்னிக்கொண்டு கிடக்கிறான், நீ மாடியில இருந்து படம் பாக்கிறாய். நேற்றே வந்திருப்பன் உன்ர ஒஃபிசுக்கு. நாலு சனத்துக்கு முன்னால உன்னை நாக்கைப் புடுங்கிற மாதிரிக் கேட்டிருப்பன்!"

"வந்திருக்கலாமே மாமி?"

"எங்க விட்டான்? சந்தியில என்னை மறிச்சுக்கொண்டு நிண்டான். கொட்டுற மழை. 'அவளை விடுங்கோ அம்மா, ஏசுறதை எனக்கு ஏசுங்கோ' எண்டு முழுக்க நனைஞ்சு நனைஞ்சு வாங்கினான். நான் திரும்பி வீட்டை போகுமட்டும் அந்த இடத்தை விட்டு அரக்கேல்லை."

கொடியில் தொங்கிய உடுப்பும், குசினி வாசலில் தலை துவட்டிக்கொண்டு நின்ற மனிதனும், தான் சொன்ன சொல்லும் ஒன்றாய் வந்து கிருசாந்தினியின் முகத்தில் அடித்தன. சைக்கிளை அப்படியே மணலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். வள்ளத்தின் முன்னணியத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அலை வந்து இடுப்புவரைக்கும் நனைத்தது. அவள் நகரவில்லை.

"தங்கச்சி, விலத்து. வள்ளம் உன்னில ஏறப்போகுது" என்று யோசெப் கத்தினான்.

"ஏறட்டும்."

"என்ன விசர் வேலை இது?" ஸ்ரனிஸ்லஸ் குனிந்து மெதுவாய்ச் சொன்னான். "சனம் பாக்குது, விலத்து."

"பாக்கட்டும். இறங்குங்கோ. நான் பிழையாய்ப் போட்டுட்டன்."

"எதைப் போட்டனி?"

"சும்மா எண்டு போட்டுட்டன். உங்களையும் போட்டுட்டன், அந்தப் பெடியனையும் போட்டுட்டன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரையில் நின்றவர்களுக்கும் விளங்கவில்லை. அவளுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சும்மா நிக்கிறவன் கடலுக்குப் போனா என்ன, வீட்டில நிண்டா என்ன? நீ சொன்னதுதானே?" என்றான் ஸ்ரனிஸ்லஸ். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "கையை எடு கிருசா. யோசெப்புக்கு நேரம் போகுது."

அவள் கையை எடுக்கவில்லை. வள்ளம் அலைக்கு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஸ்ரனிஸ்லஸின் முகம் நோவில் சுருங்கியதை அவள் பார்த்தாள். அவன் அதை மறைக்க மற்றப் பக்கம் திரும்பினான். திரும்பியபோதுதான் கரையில் செபமாலையோடு நிற்கிற தாய் கண்ணில் பட்டா.

"அம்மா! நீங்கள் இஞ்ச நிக்கிறியள். அப்ப பிள்ளைகளோட ஆர்?"

"பெட்டை இருக்கிறாள்தானே, நான் ஒரு எட்டு வந்தனான், உன்னைப் பாத்து…"

"அவளுக்கு ஒன்பது வயசு! அடுப்பில சோறு கொதிக்குது, சின்னவன் கிணத்தடிக்கு ஓடுவான்!" அவன் யோசெப்பையும் பார்க்கவில்லை, கிருசாந்தினியையும் பார்க்கவில்லை. ஒரு காலை வெளியில் போட்டு, வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கினான். "நீங்கள் பார்ப்பியள் எண்டு நான், பெட்டை பார்ப்பாள் எண்டு நீங்கள். நல்ல கதை!" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஈரச் சறத்தோடு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினான். யோசெப் தலையில் அடித்துக்கொண்டு, வேறொருத்தனை ஏறச் சொன்னான்.

கிருசாந்தினி சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனாள். போகிற வழியில் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். தேங்காய் மாதிரிப் பந்து, எந்நேரமும் எறிகிற கூட்டம், ஓட விடாத ஓடுகிறவர், மாடு மாதிரி வருகிறவன். ஸ்ரனிஸ்லஸ் நடையைக் குறைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் வந்தான்.

"ஒருநாளும் அவனிட்டப் பந்து குடுக்க மாட்டாங்களோ?"

"குடுப்பாங்கள். மறிக்கத்தான் நிக்கிறான் எண்டு மற்றப் பக்கம் முழுக்க நம்பிப் பின்னுக்குப் போன நேரமாய்ப் பாத்து, கையில வைப்பாங்கள். அப்ப பாக்கவேணும் ஓடுற ஓட்டத்தை!"

"ம்." நடந்தபடியே சறத்தின் ஈரத்தைப் பிழிந்தான். "எனக்கு எப்ப குடுக்கப்போறாய்?"

பகிடியாய்த்தான் கேட்டான். பகிடி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்ன வேணும், கேளுங்கோ. கடலைத் தவிர."

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் கரைக்கு வந்து வலை வைக்கிற கொட்டிலுக்குக் கீழ இருக்கப்போறன். பொழுதுபடுமட்டும். வலை பொத்த மாட்டன், ஒருத்தரோடயும் கதைக்க மாட்டன். ஒருத்தரும் என்னைத் தேடி வரக் கூடாது, போன் எடுக்கக் கூடாது." நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு வருசமாய் எல்லாரும் சொல்லுறியள். ஒருநாள் சும்மா இருந்து பாக்கப்போறன்."

வீட்டில் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோறு மட்டும் அடிப்பிடித்திருந்தது. சனிக்கிழமை அவள் போய் நிஷாந்தனோடு இருந்து மிச்சத்தைத் திருத்தி அனுப்பினாள். வேலை வேறு இடத்துக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரனிஸ்லஸ் சொன்னபடியே கரைக்குப் போனான். வீட்டில் மகளுக்குத் தலை பின்னத் தொடங்கினாள் கிருசாந்தினி. அப்பா பின்னுகிற மாதிரி இல்லையென்று மகள் இரண்டு தரம் அவிழ்த்துப் போட்டாள். குழம்பு பொங்கியது. கிணற்றடியில் இருந்து வின்சனைத் தூக்கி வந்து இருத்தினாள், அவன் திரும்பவும் ஓடினான். படலையடியில் மார்கிறட், "எங்க என்ர பிள்ளை? கரையிலயோ? அவனை ஒருக்காக் கூப்பிடு, ஒரு அலுவல்" என்று வந்து நின்றா.

"அவருக்கு இண்டைக்கு வேலையில்லை மாமி. ஏசுறதை எனக்கு ஏசுங்கோ" என்று கிருசாந்தினி படலைக்குக் குறுக்கே நின்றாள்.

மார்கிறட் ஏசினா. குறைவில்லாமல் ஏசினா. கிருசாந்தினி படலையைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, அரக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். மழை வந்தது. முற்றத்துக் கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் நனைந்தது.